தண்ணீருக்குள் நட்ட புதர்கள்

அந்த ஏரியில் மீன் பிடிக்கிறவர்கள் மீனைப் பற்றி உண்மை பேசுவதில்லை. கூடை நிறைந்திருந்தால் மேலே ஈரச்சாக்கைப் போட்டு மூடிக்கொண்டு, "என்னத்தைச் சொல்ல, கயிறு நனைஞ்சதுதான் மிச்சம்" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவார்கள். கூடை காலியாக இருந்தால் அதே ஈரச்சாக்கைப் போட்டு மூடி, கனத்தில் தோள் சாய்கிற மாதிரி நடந்து காட்டுவார்கள். எங்கே கிடைத்தது என்று கேட்டால் வடக்கைத் தெற்கு என்பார்கள். இதில் பாவம் ஒன்றும் இல்லை. கேட்கிறவனும் அதே பொய்யைச் சொல்லுகிறவன்தான் என்பதால் யாரும் ஏமாந்ததில்லை.

பொய்க்குக் காரணம் இருந்தது. ஏரி மேலே பார்க்கத்தான் ஒரே தண்ணீர். அணை கட்டுவதற்கு முன்னால் அது பழத்தோட்டமும் தார்ச்சாலையும் ஒரு சின்னப் பாலமுமாக இருந்த பள்ளத்தாக்கு. வெறும் சேற்றில் மீன் நிற்காது. மரக்கட்டை, இடிந்த சுவர், கல் குவியல் என்று ஒளிந்துகொள்ள ஏதாவது வேண்டும். அதை மறைவு என்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தமாக ஒன்றிரண்டு மறைவுகள் உண்டு. அது இருக்கும் இடத்தைப் பெண்டாட்டியிடம் சொல்லுவார்கள். பிள்ளைக்கு மீசை முளைத்த பிறகு சொல்லுவார்கள். சகலையிடம் செத்தாலும் சொல்ல மாட்டார்கள்.

மறைவு கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி ஒருத்தி அந்தக் கரையில் இருந்தாள். நாற்பதைத் தாண்டியவள். கயிற்று நுனியில் ஈயக்கட்டியைக் கட்டி இறக்கி, படகை மெதுவாக விடச் சொல்லிவிட்டு, கயிற்றை ஆள்காட்டி விரலில் தொங்கவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். சேறு என்றால் ஈயம் வழுக்கிக்கொண்டு வரும். சரளை என்றால் தட்டித் தட்டி வரும். மரம் என்றால் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் யோசித்துவிட்டு விடும். உடனே கண்ணைத் திறந்து கரையைப் பார்ப்பாள். பம்பு அறைக் கூரைக்குப் பின்னால் எது தெரிகிறது, ஐஸ் ஃபேக்டரி புகைபோக்கிக்கு நேராக எது வருகிறது என்று இரண்டு கோடுகளை மனதில் போட்டுக்கொண்டால் போதும், எத்தனை வருஷம் கழித்தும் அதே இடத்தில் படகை நிறுத்திவிடுவாள். கரையில் அவளுக்கு ஈயக்கட்டி என்றே பெயர் விழுந்துவிட்டது. ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால் அவளைக் கிளப்ப முடியாது என்பதும் அந்தப் பெயரில் சேர்த்திதான்.

அவளுக்கு ஒரு காலத்தில் புருஷன் இருந்தார். இப்போதும் இருக்கிறார், அதே கரையில்தான். அவளுக்கு இல்லை, அவ்வளவே. ஏரியிலேயே பெரிய படகு அவருடையது. அதில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து யாரையும் பார்க்காமல் போவதால் ஊர் அவரைக் கப்பல் என்றது. ஏன் பிரிந்தீர்கள் என்று கேட்டால், "பேசாத மனுஷனோட எத்தனை வருஷம் நான் ஒருத்தியே பேசிட்டிருக்கிறது" என்பாள். அவரைக் கேட்டால் பதிலே வராது. அதுவே அவள் சொன்னதற்குச் சாட்சி. பிரிந்தபோது பாத்திரம் பண்டம் எதையும் பங்கு போடவில்லை, ஏரியை மட்டும் போட்டார்கள். முங்கிய பாலம் அவருக்கு, பழத்தோட்டத்துக் கட்டைகள் அவளுக்கு. அவளுடைய ஈயம் அதற்குப் பிறகு பாலத்தைத் தொட்டதில்லை. அவருடைய தூண்டில் தோட்டத்துப் பக்கம் வந்ததில்லை. ஏதாவது பேசியாக வேண்டும் என்றால் நடுவில் மூன்றாவது ஆளை வைத்துக்கொண்டு பேசுவார்கள்.

பிறகு ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஏரி சுருங்கி, எல்லாருடைய மறைவும் வெயிலில் பல்லை இளித்துக்கொண்டு நின்றது. செங்கல் சூளை லாரி விறகுக்காக ஏரிக்குள்ளேயே இறங்கி வந்தது. நாம் வெட்டாவிட்டால் அடுத்தவன் வெட்டிவிடுவான் என்று ஆளாளுக்குக் கோடாலியை எடுத்தார்கள். ஈயக்கட்டியும் அவள் தம்பியும் தங்கள் கட்டைகளைத் தங்கள் கையாலேயே வெட்டி ஏற்றிவிட்டார்கள். மறு வருஷம் தண்ணீர் வந்தது, மீனும் வந்தது. நிற்க இடமில்லாமல் சிதறிப்போனது. குஞ்சுகளை நீர்க்காகங்கள் தின்று தீர்த்தன. உட்கார்ந்திருந்த கிளையை வெட்டினவன் கதைதான், வேறென்ன.

குளிர் காலத்தில் ஒரு சாயங்காலம் தம்பி சமையலறையில் ரொட்டியை டீயில் நனைத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னான்.

"அக்கா, மாமா ஃபோன் பண்ணாரு. அடுப்புல நிக்கிற ஆள் வேலையை விட்டுட்டானாம். என்னை வந்துடச் சொல்றாரு."

அவன் மாமனாருக்கு டவுனில் ரொட்டிக் கடை.

"நீ என்ன சொன்னே?"

"வெயில் காலம் முடியறதுக்குள்ள சொல்றேன்னேன்."

"இதுக்கு எதுக்கு அவ்வளவு நாள்? வரலைன்னு சொல்ல ஒரு நிமிஷம் போதுமே."

"எதை வெச்சுக்கா சொல்றது? குழந்தை வரப்போகுது. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? ஏரியில ஒண்ணும் இல்ல."

தாய் போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவர்களுடைய சின்னப் படகுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் துடுப்போடு படகைப் பிடித்து நிறுத்தினால்தான் இன்னொருவர் தூண்டில் போட முடியும். அவன் போனால் படகு கரையில் கவிழ்ந்துதான் கிடக்கும். படகைவிட, காலையில் எழுந்து டீ போட்டு வைக்க வீட்டில் ஆள் இருக்காது என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அதை அவள் சொல்லவில்லை. டீயில் சர்க்கரை போதுமா என்று மட்டும் கேட்டாள்.

தம்பி மனைவி தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். மசக்கை விட்டு அப்போதுதான் நாக்குக்குத் தெம்பு வந்திருந்தது.

"வெட்டிட்டோம் வெட்டிட்டோம்னு எத்தனை நாளைக்கு அழுவீங்க அண்ணி? மறுபடி நட வேண்டியதுதானே?"

"தண்ணிக்குள்ளயா?" என்றான் தம்பி.

"மீன் என்ன பழமா கேக்குது? நிக்க நிழல்தானே கேக்குது? எங்கப்பா கடை வாசல்ல பெயின்ட் டப்பாவுல சிமெண்ட் ஊத்தி குடை நட்டு வெச்சிருக்காரு. எந்தக் காத்துக்கும் சாயாது. குடைக்குப் பதிலா கிளையை நட்டு உள்ள இறக்குங்க."

தம்பி சிரித்தான். ஈயக்கட்டி சிரிக்கவில்லை. பட்டாணித் தோலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தவள், மறுநாள் காலை பெயின்ட் கடைக்காரரிடம் காலி டப்பா கேட்கப் போய்விட்டாள்.

மேட்டுத் தோட்டங்களில் கிளை கழிக்கிற பருவம் அது. கழித்துப் போட்ட கிளைகளைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்தார்கள். தம்பி மனைவி இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு சிமெண்ட் கலவையைக் கம்பால் கிளறுவாள். தம்பி கிளைகளைக் குத்திட்டு நிறுத்திப் பிடிப்பான். ஈயக்கட்டி கலவையை ஊற்றி, டப்பாவின் கழுத்தில் நைலான் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போடுவாள். கொல்லை நிறைய மொட்டைப் புதர்கள் தொட்டிகளில் நின்றன. கல்யாண மண்டபத்து வாசலில் வைக்க ஆர்டர் பிடித்திருக்கிறோம் என்று அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிவைத்தாள். யார் கல்யாணத்துக்கு இலையில்லாத செடி வைப்பார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை, பொய்க்கு மரியாதை கொடுத்துப் பழகிய ஊர்.

எங்கே போடுவது என்பதில்தான் அக்காவுக்கும் தம்பிக்கும் முட்டிக்கொண்டது.

"பழைய ஆத்துக் குழியில போடுவோம்" என்றாள்.

"அவ்வளவு ஆழத்துலயா?"

"ஆழத்துல போட்டாத்தான் எவன் தூண்டிலும் தொடாது. மேட்டுல போட்டா ஒரு வாரத்துல ஊரே அங்க நிக்கும். நாம பாடுபட்டு நட்டதை எவனோ வந்து அறுத்துட்டுப் போறதா?"

பனி மூடிய விடியற்காலைகளாகப் பார்த்து, படகுக்கு ஒன்றிரண்டாகக் கொண்டுபோய் இறக்கினார்கள். அடையாளத்துக்கு மேலே மிதவைகூடக் கட்டவில்லை. கடைசிப் புதர் முங்கி, பனி விலகியதும் அவள் கரையைப் பார்த்துக் கோடுகளை மனதில் போட்டுக்கொண்டு, "இனிமே பாருடா" என்றாள்.

பார்த்தார்கள். குளிர் போய் வெயில் வந்தது. தம்பி மனைவிக்கு வயிறு முன்னால் வந்தது. மீன் மட்டும் வரவில்லை. கயிறு அடியைத் தொட்டு மேலே வரும்போது அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. சின்ன மீனை உயிரோடு தூண்டிலில் மாட்டிக் குழிக்குள் இறக்குவார்கள். கொஞ்ச நேரத்தில் இழுத்தால் அது செத்திருக்கும். உடம்பில் ஒரு பல் தடம் இருக்காது.

ஒரு மத்தியானம் தம்பி மனைவி கிண்ணத்தில் கிடந்த அந்த இரைகளைப் பார்த்தாள்.

"இதை எது கடிச்சுது?"

"எதுவும் கடிக்கலை" என்றான் தம்பி.

"பின்ன எப்படிச் செத்துச்சு?"

வெயில் ஏறினால் அடித்தண்ணீர் கெட்டுப்போகும், மீன் மூச்சுக்கு மேலே ஏறிவிடும் என்பது அந்த ஏரியில் தூண்டில் பிடித்த எல்லாருக்கும் தெரியும். ஈயக்கட்டி அதைப் பத்துப் பேருக்காவது சொல்லியிருப்பாள்.

"அண்ணி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு. கோவத்தை அப்புறம் பாத்துக்கலாம்."

"அவ்வளவு ஆழத்துல போட்டது மீனுக்கா, இல்ல ஊர்க் கண்ணுக்கு மறைக்கவா?"

ஈயக்கட்டியின் முகத்தில் ஈ ஆடவில்லை. எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். சிமெண்ட் சிந்திக் காய்ந்த தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மீனுக்கு வீடு கட்டுகிறேன் என்று, மீனே போக முடியாத இடத்தில் கட்டியிருக்கிறாள். வைக்கோல் போரில் படுத்த நாய் மாதிரி, தனக்கும் இல்லை, பிறருக்கும் இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. இருட்டுகிற நேரத்தில் உள்ளே வந்து, "தூக்கிடலாம்டா" என்றாள்.

"நம்ம படகுலயா? அந்த ஆழத்துலேர்ந்து ஒரு டப்பாவை இழுத்தா படகோட நாமளும் உள்ள போயிடுவோம். பெரிய படகு வேணும்க்கா."

பெரிய படகு யாருடையது என்று ஒருவரும் சொல்லவில்லை.

மறுநாள் கப்பல் தன் படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டு, பலகை இடுக்குகளில் தார் பூசிக்கொண்டிருந்தார். ஈயக்கட்டி போய் நின்றாள். அவர் நிமிர்ந்தார். அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"மூணாவது ஆள் யாரையும் காணோமே" என்றார்.

"வரலை. நான் மட்டும்தான்."

அவர் தார் மட்டையைச் சட்டியில் வைத்தார்.

"உங்க படகு வேணும். நீங்களும் வேணும். ஏரிக்குள்ள கொஞ்சம் டப்பா கிடக்கு, தூக்கணும்."

"எங்க?"

அந்தக் கரையில் யாரும் யாரிடமும் மனதறிந்து கேட்காத கேள்வி அது. ஆனாலும் சொன்னாள். குழியையும் சொன்னாள், கூரை, புகைபோக்கி என்று இரண்டு கோடுகளையும் சொன்னாள்.

"தெரியும்" என்றார் கப்பல்.

"என்ன தெரியும்?"

"பனியில ஆள்தான் தெரியாது, சத்தம் கேக்கும். ஒவ்வொண்ணா முங்கறதைக் கரையில உக்காந்து கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

"வெயில் வந்தா அங்க ஒரு மீன் நிக்காதுன்னும் தெரியும்ல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"உன் இடம். நான் எப்படிச் சொல்றது?"

அவளுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. "நல்ல ஜோடிதான் போங்க. நான் மறைச்சுக் கெட்டேன், நீங்க பேசாம கெடுத்தீங்க."

"தூக்கி எங்க போடப்போறே?"

"அதான் தெரியலை. தோட்டத்துப் பக்கம் இப்ப முழங்கால் சேறு. டப்பா புதைஞ்சிடும்."

அவர் மறுபடி தார் மட்டையை எடுத்தார். ஒரு இடுக்கை முழுசாகப் பூசி முடித்துவிட்டுச் சொன்னார்.

"பாலத்துக்கு ஏறுற சரிவுல போடு. மூணு ஆள் ஆழம்தான். அடியில தார் ரோடு, புதையாது."

"அது உங்க இடம்."

"என் இடத்துல என்ன வாழுது? வத்தின வருஷம் கைப்பிடிச் சுவர்க் கல்லையெல்லாம் நான்தான் பேத்து எடுத்தேன். இப்ப மொட்டை ரோடா கிடக்கு. போன மாசம் பூரா வெறுங்கூடை மேலதான் சாக்கைப் போட்டு மூடிட்டுப் போனேன்."

இத்தனை வார்த்தைகளை அவர் ஒரே மூச்சில் பேசி அவள் கேட்டதில்லை. அதுவும் எல்லாம் உண்மை. அவள் இன்னொரு மட்டையை எடுத்து மறுபக்கத்து இடுக்குகளைப் பூச ஆரம்பித்தாள்.

கரைக்கோடுகள் தெரிய வேண்டும் என்பதால் வேலையைப் பட்டப்பகலில்தான் செய்ய வேண்டியிருந்தது. பெரிய படகில் மூவரும் போனார்கள். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற பாதாளக்கரண்டியைக் கயிற்றில் கட்டிக்கொண்டு கப்பல் நின்றார். ஈயக்கட்டி விரலில் கயிற்றோடு கண்ணை மூடி உட்கார்ந்தாள். தம்பி நடுவில் துடுப்போடு இருந்தான்.

"கொஞ்சம் இடது பக்கம் போடச் சொல்லுடா."

"அத்தான், இடது பக்கம்."

"போட்டாச்சுன்னு சொல்லு."

"போட்டுட்டாராம்."

"மாட்டுச்சான்னு கேளு."

தம்பி துடுப்பைக் கீழே வைத்தான். "நான் என்ன தபால்காரனா? ரெண்டு பேரும் நேத்து நேராத்தானே பேசிக்கிட்டீங்க?"

"அது கரையில" என்றாள் ஈயக்கட்டி.

முதல் டப்பா மேலே வந்தது. கிளையெல்லாம் கறுப்பாக வழுவழுத்து, மூக்கைப் பிடிக்க வைக்கிற நாற்றம். இரண்டாவது வரும்போது படகு சாய்ந்தது. கப்பல் கால் வழுக்கி விளிம்புக்குப் போனார். ஈயக்கட்டி பாய்ந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, "யோவ், விழுந்து தொலையாதேயா!" என்று ஏரி முழுக்கக் கேட்கக் கத்தினாள். அதற்குப் பிறகு தம்பிக்குத் தபால் வேலை இல்லாமல் போனது.

இதையெல்லாம் பார்த்துவிட்டுத் தாடிக்காரர் ஒருவர் தன் படகை அருகில் ஓட்டி வந்தார். அவரும் அந்தக் கரையில் தூண்டில் போடுகிறவர்தான்.

"என்ன, ஏதாவது தொலைஞ்சு போச்சா?"

நங்கூரம் விழுந்துவிட்டது என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது. விழுங்கினாள்.

"மீனுக்குப் புதர் நட்டோம். ஆழம் தப்பிப்போச்சு. எடுத்துப் பாலத்துச் சரிவுல போடப்போறோம். கை குடுக்க வர்றீங்களா?"

தாடிக்காரர் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "பாலத்துச் சரிவுல, அப்படித்தானே?" என்று தலையை ஆட்டிவிட்டு, ரகசியம் பிடிபட்ட சந்தோஷத்தோடு பாலத்துக்கு நேர் எதிர்த்திசையில், அணைப் பக்கமாக வேகமாகத் துடுப்பு போட்டுக்கொண்டு போனார். பாலம் என்று சொன்னால் பாலமாகவா இருக்கும்? அன்று சாயங்காலம் வரை அணை ஓரத்தில் அவர் தேடாத மூலை இல்லை. கப்பல் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவருக்குச் சிரிக்க வரும் என்பதையே ஈயக்கட்டி மறந்துபோயிருந்தாள்.

நாள் கணக்கில் இழுத்து, கழுவி, சரிவில் இறக்கினார்கள். ஒரே இடத்தில் குவிக்காமல், மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ரோட்டின் இரண்டு ஓரமும் நிறுத்தினார்கள். இந்த முறை மிதவையும் கட்டினார்கள். மாமனார் இரண்டு முறை ஃபோனில் கூப்பிட்டபோதும் தம்பி எழுந்து வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தான். என்ன பேசினான் என்று அக்காவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்தாள்.

வெயில் தணிகிற சமயம். இரண்டு மழை பெய்து தண்ணீர் தெளிந்திருந்த ஒரு காலையில் இருவரும் சின்னப் படகில் சரிவுக்குப் போனார்கள். அடியில் கண்ணாடி பதித்த வாளியைத் தண்ணீரில் அழுத்தி, தம்பி அதற்குள் தலையை விட்டுப் பார்த்தான்.

"என்னடா தெரியுது?"

"இரு அக்கா."

"தெரியுதா இல்லையா?"

அவன் தலையைத் தூக்கவில்லை. வாளிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "கிளையெல்லாம் பாசி புடிச்சிருக்கு. அக்கா... குஞ்சுக்கா. கிளைக்குக் கிளை குஞ்சு. நகர்ந்தா ஒரே வெள்ளியா மின்னுது."

அவள் அவனைத் தள்ளிவிட்டு வாளிக்குள் பார்த்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாளிக்குள் அழுதால் யாருக்கும் தெரியாது என்று கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

குஞ்சு சேர்ந்த இடத்துக்கு அதைத் தின்னப் பெரியதும் வரும். புதருக்கு வெளி ஓரமாகத் தூண்டிலை இறக்கினார்கள். மத்தியானத்துக்குள் முழங்கை நீளத்தில் மூன்று மீன்கள் படகில் கிடந்து துள்ளின. தம்பி இன்னும் கொஞ்சம் போடலாம் என்றான். "போதும்டா, குடிவந்த வீட்டுல முதல் நாளே கொள்ளையடிக்கக் கூடாது" என்றாள் அவள். திரும்பி வரும்போது கூடை மேல் சாக்குப் போடவில்லை. கரையில் தாடிக்காரர் அந்த மீன்களைப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு, காலி பெயின்ட் டப்பா எந்தக் கடையில் கிடைக்கும் என்று தணிந்த குரலில் கேட்டார்.

தம்பி கரையில் உட்கார்ந்து மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தபோது அவன் சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. இரண்டு கையிலும் செதிலும் ரத்தமும்.

"அக்கா, எடுத்துக் காதுல வை."

எடுத்தாள். மாமா என்று எழுதியிருந்தது. கை தவறின மாதிரி தண்ணீரில் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றாமல் இல்லை. பொத்தானை அழுத்தி அவன் காதில் வைத்தாள்.

"சொல்லுங்க மாமா... அவ நல்லாத்தான் இருக்கா... அடுத்த மாசக் கடைசியில இருக்கும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க... ஆமா மாமா, வெயில் முடியறதுக்குள்ள சொல்றேன்னுதான் சொன்னேன்."

அவன் கத்தியை நிறுத்தினான். அவள் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வர்றோம் மாமா. குழந்தை பொறந்ததும் மூணு பேருமா உங்ககிட்டக் காட்ட வர்றோம். அடுப்புக்கு மட்டும் வேற ஆள் பாத்துக்குங்க. எனக்கு இங்க வேலை கிடக்கு."

அந்தப் பக்கத்திலிருந்து மாமனார் என்னவோ நீளமாகச் சொல்ல ஆரம்பித்தார். ஈயக்கட்டிக்கு அது ஒன்றும் கேட்கவில்லை. அவள் பிடித்திருந்த ஃபோன் தம்பியின் காதிலிருந்து கன்னத்துக்கு இறங்கி, தாடைக்கு வந்துவிட்டது.

"அக்கா, ஒழுங்கா புடி. மாமா பேசறது கேக்கலை."

அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.